"கடன் பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான்" – கம்பராமாயணத்துல இது எந்தப் படலம்?

சாயப்பட்டறை:

வணக்கம் மக்களே, ரெண்டு நாளா மண்டை காயுது, யாராவது கை கொடுங்க. பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ஸ்கூல்ல பேச்சுப்போட்டி, தலைப்பு சிக்கனமும் சேமிப்பும். நான் தான் எழுதிக் குடுத்தேன். கடன் வாங்கினவன் படுற பாட்டைச் சொல்ற இடத்துல "கடன் பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன் என்கிறார் கம்பர்"னு ஒரு போடு போட்டு வச்சேன். ஊர் உலகமே சொல்ற வரி தானே, இதுல என்ன வில்லங்கம் வந்துடப் போகுதுன்னு நினைச்சேன். அவங்க தமிழ் மிஸ் அந்த ஒரு வரிய மட்டும் சிவப்புப் பேனால வட்டம் போட்டு "எந்தக் காண்டம், எந்தப் படலம், பாட்டு முழுசா எழுதிட்டு வா"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பொண்ணு நோட்டை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறா.

எனக்கு அந்த ஒரு வரி தான் தெரியும். ஆனா எங்கப்பாவுக்கு பாட்டு முழுசாத் தெரியும், அவரு இப்ப இல்ல. கரூர்ல நாலு தறி வச்சிருந்தாரு, ஞாயித்துக்கிழமை காலைல தண்டல்காரர் வண்டிச் சத்தம் தெருமுனைல கேட்டுச்சுன்னா போதும், தறிய நிறுத்திட்டு இந்தப் பாட்ட ராகம் போட்டு முனக ஆரம்பிச்சுடுவாரு, அம்மா தலைல அடிச்சுக்கும். நாலு வரி வரும். கடைசி வரி தான் இந்தக் கடன் வரி. அதுக்கு முன்னாடி என்னன்னு கேட்டா, முதல்ல ஒரு மீன் வரும், அப்புறம் மெழுகோ நெய்யோ ஏதோ உருகும், அப்புறம் ஒரு பாம்பு தேரைக் கவ்விப் பிடிச்சிருக்கும். தேர்னா கோயில் தேர். நான் சின்னப் பையனா இருக்கறப்ப பசுபதீஸ்வரர் கோயில் தேர் நிலைக்கு வர்றப்ப அந்த வடத்தைப் பாத்து இது தான் அந்தப் பாம்பு போலன்னு நெனச்சுப் பயந்தது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு, சிரிக்காதீங்க.

நெட்ல தேடினா நூறு இடத்துல வருது, எல்லாரும் கம்பர் கம்பர்னு தான் எழுதியிருக்காங்க, ஒருத்தராவது பாட்டு நம்பர் போட மாட்டேங்குறாங்க. வெள்ளிக்கிழமை போட்டி.

பட்டிமன்ற_ரசிகன்:

இதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன் அண்ணா, யுத்த காண்டம். முதல் நாள் சண்டைல ராவணன் தேர் போச்சு வில்லு போச்சு கிரீடம் போச்சு, ராமர் "இன்று போய் நாளை வா"ன்னு அனுப்பி வைக்கிறாரு, அப்ப அவன் மனசு எப்படிக் கலங்குச்சுங்கறதுக்குத் தான் கம்பர் இந்த உவமைய வைக்கிறாரு. நான் பத்து பட்டிமன்றத்துலயாவது கேட்டிருக்கேன், நடுவரே சொல்லுவாரு. யுத்த காண்டத்தை எடுத்து அந்த இடத்தைப் புரட்டுங்க, கிடைச்சுடும்.

சாயப்பட்டறை:

தம்பி, புரட்டிட்டேன். பழைய தமிழ் நூலை எல்லாம் நெட்ல போட்டு வச்சிருக்காங்களே, அந்த மதுரைத் திட்டத்துல கம்பராமாயணம் முழுசாக் கிடக்கு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து யுத்த காண்டத்துல "கடன்"னு போட்டுத் தேடினேன். வருது, நிறைய வருது, ஆனா ஒண்ணுகூட நம்ம தண்டல் கடன் இல்ல. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எல்லாம் கடமைங்கற அர்த்தத்துல தான் இருக்கு, ஈமக்கடன், செய்யும் கடன் அந்த மாதிரி. "கடன் பட்டார்" கிடையாது. "இலங்கை வேந்தன்" அங்கங்க வருது, பக்கத்துல "கலங்கினான்" இல்ல. "தேர்" போட்டா சொல்லவே வேணாம், யுத்த காண்டம் பூரா தேர் தான். பாம்பு தேரை இழுக்குற இடம் மட்டும் இல்ல. 10,000 பாட்டுக்கு மேல இருக்குங்கறாங்க, நான் தேடினது தப்பா இருக்கும்.

சும்மா_ஒரு_டவுட்டு:

முதல்ல ஒண்ணு கேக்கணும். கலங்க வேண்டியது கடன் வாங்கினவனா குடுத்தவனா? நான் 2019ல கூட வேலை பாத்தவனுக்கு 40,000 குடுத்துட்டு இன்னிக்கு வரைக்கும் கலங்கிட்டு தான் இருக்கேன், அவன் போன மாசம் குடும்பத்தோட ஊட்டில நின்னு ஸ்டேட்டஸ் வைக்கிறான். கம்பர் காலத்துல ஆளுங்க ரோஷக்காரங்களா இருந்திருக்காங்க.

ஓய்வுபெற்ற_தமிழய்யா:

சாயப்பட்டறை தம்பி, நீங்க தேடினது தப்பில்ல. கிடைக்காததுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள், அந்தப் பாட்டு கம்பராமாயணத்துல இல்ல. முப்பது வருஷம் பிளஸ் டூவுக்குத் தமிழ் நடத்தினவன் சொல்றேன், அதுல முதல் பத்து வருஷம் நானும் இது கம்பன்னு தான் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், அந்தப் பாவம் எனக்கும் உண்டு. உங்க பொண்ணோட மிஸ்ஸுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சு தான் வட்டம் போட்டிருக்காங்க.

"கடன்"னு போட்டுத் தேடினா பழைய இலக்கியத்துல எங்க தேடினாலும் இந்தக் கதி தான். புறநானூறு 312ல "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே"ன்னு தாய் சொல்றாளே அங்க கடன்னா கடமை. அப்பர் "என் கடன் பணி செய்து கிடப்பதே"ன்னாரே, அதுவும் கடமை. வட்டிக்கு வாங்குற கடனும் அந்தக் காலத்துலயே உண்டு தான், ஆனா தேடுறப்ப இந்தக் கடமைக் கடன் வந்து எல்லாத்தையும் மறைச்சுடும்.

இப்ப பட்டிமன்ற_ரசிகன் சொன்ன இடத்துக்கு வருவோம். சம்பவம் கம்பன்ல இருக்கறது நிஜம். முதல் நாள் போர், ராவணன் நிராயுதபாணியா நிக்கிறான், "இன்று போய், போர்க்கு நாளை வா"ன்னு ராமன் அனுப்புறான். நல்லாக் கவனிங்க, நடுவுல "போர்க்கு"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. நம்ம வாய்ல அது விழுந்துபோய் "இன்று போய் நாளை வா" ஆயிடுச்சு, சினிமாவுக்குப் பேரு வச்சப்பவும் அப்படியே வச்சாச்சு. நிஜமான கம்பன் வரிக்கே இந்தக் கதின்னா மத்ததைப் பத்திச் சொல்லவே வேணாம்.

சரி, திரும்பிப் போறவனைக் கம்பன் எப்படிப் பாடுறான்? அடுத்த படலம், கும்பகருணன் வதைப் படலம், ஆரம்பப் பாட்டு:

வாரணம் பொருத மார்பும் வரையினை எடுத்த தோளும்
நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்
தாரணி மவுலி பத்தும் சங்கரன் கொடுத்த வாளும்
வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்

திசையானைகளோட மோதின மார்பு, கைலாயத்தைத் தூக்கின தோளு, நாரதருக்கே பிடிக்கிற மாதிரிப் பேசின நாக்கு, பத்துக் கிரீடம், சிவன் குடுத்த வாள், ஒவ்வொண்ணா அடுக்கிட்டு வந்து கடைசில வீரத்தையும் அதே குவியல்ல போட்டுட்டு வெறுங்கையோட ஊருக்குள்ள போனான்ங்கறான். வாளைப் போட்டுட்டு வரலாம், வீரத்தை எப்படிக் கீழ போட முடியும்? அந்த ஒரு வார்த்தைக்காகவே கிளாஸ்ல அரை மணி நேரம் எடுத்துக்குவேன், போர்ஷன் முடியலன்னு எச்.எம். கூப்பிட்டுத் திட்டினதும் உண்டு.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா ராவணன் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னும் கம்பன் சொல்றான். வானம் சிரிக்கும், மண்ணு சிரிக்கும், பகைவன் எல்லாம் சிரிப்பான், அதுக்கெல்லாம் அவன் வெக்கப்படல, "சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்". சீதை சிரிப்பாளேன்னு தான் கூசிக் குறுகிப் போறான். அதனால தான் சொல்றேன், கம்பனோட ராவணனுக்கு அந்த ராத்திரி வந்தது வெக்கம். கடன்காரன் கலக்கம்ங்கறது வேற சரக்கு, அது பயம், நாளைக்கு யார் வந்து கதவைத் தட்டுவானோங்கற பயம். ரெண்டையும் ஒரே மனசுல ஒரே ராத்திரில வைக்கிற ஆள் இல்ல கம்பன். இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

உங்கப்பா பாடின நாலு வரியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. அது விருத்தம். விருத்தத்துல நாலடிக்கும் எதுகை இருக்கும், அதாவது ஒவ்வொரு அடிலயும் ரெண்டாவது எழுத்து ஒண்ணா வரும். மேல பாருங்க வாரணம், நாரத, தாரணி, வீரமும், எல்லாத்துலயும் ரெண்டாவது எழுத்து ர. உங்க கடைசி அடி "கடன்"னு தொடங்குது, ஆக மத்த மூணு அடியும் ரெண்டாவது எழுத்து ட வர்ற மாதிரித் தான் தொடங்கியிருக்கணும். மீன் வர்ற அடி எப்படித் தொடங்கும், பாம்பு வர்ற அடி எப்படித் தொடங்கும்னு அந்த ட-வ வச்சு யோசிச்சுப் பாருங்க. முதல்ல அம்மாவைக் கேளுங்க. இத்தனை ஞாயித்துக்கிழமை கேட்டவங்க காதுல கொஞ்சமாவது ஒட்டாமயா இருக்கும்.

பட்டிமன்ற_ரசிகன்:

அய்யா மன்னிக்கணும், இத்தனை வருஷமா இத்தனை பேரு சொல்றது தப்புன்னு ஒரே அடியாச் சொல்றீங்க. கம்பராமாயணத்துல மிகைப்பாடல்னு தனியாப் பின்னாடி போடுறாங்களே, அதுல இருக்கலாம்ல. சுவடிக்குச் சுவடி பாட்டு மாறும்னு எங்க காலேஜ்லயே சொன்னாங்க.

ஓய்வுபெற்ற_தமிழய்யா:

நல்ல கேள்வி தம்பி, கோவப்படல. வெள்ளிப் பாடல்னு சொல்லுவாங்க, வெள்ளியம்பலத் தம்பிரான் பேரால வந்த பேரு, பின்னாடி வந்தவங்க நடுநடுவுல செருகினது. பதிப்பிச்சவங்க அதையெல்லாம் பிரிச்சு மிகைப்பாடல்னு தனியாப் போட்டிருக்காங்க. அதுலயும் இது கிடையாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்துல உரையோட இருக்கு, மிகைப்பாடலும் சேத்தே இருக்கு, நீங்களே பாத்துக்கலாம், என் பேச்சை நம்ப வேணாம்.

காவிரிக்கரைப்_பொண்ணு:

அய்யா சொன்ன ட எதுகையப் பாத்ததும் எனக்குச் சட்டுனு வந்துடுச்சு!! எங்க பாட்டி சீர்காழி, கொலு சமயத்துல ராமநாடகம் பாடுவாங்க, நடுவுல விருத்தம் வரும். இந்தாங்க:

விடங்கொண்ட மீனைப் போலும் வெந்தழல் மெழுகு போலும்
படங்கொண்ட பாந்தள் வாயில் பற்றிய தேரை போலும்
திடங்கொண்ட ராமபாணம் செருக்களத்து உற்றபோது
கடன்கொண்டார் நெஞ்சம் போலும் கலங்கினான் இலங்கை வேந்தன்

விடம் படம் திடம் கடன். மீன் இருக்கா, மெழுகு இருக்கா, பாம்பு இருக்கா? அண்ணா உங்க பாம்பு தேரை இழுக்கல 😂 தேரைன்னா தவளை ஜாதி அண்ணா, சுவத்து ஓரமா சொறி சொறியா உக்காந்திருக்குமே அது. பாந்தள்னா பாம்பு. படம் எடுத்த பாம்போட வாய்ல மாட்டின தேரை மாதிரி. கோயில் தேருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

பாட்டி பாடம் இது. அங்கங்க ஓரெழுத்து ஈரெழுத்து மாத்திச் சொல்றவங்களும் உண்டு.

சாயப்பட்டறை:

அய்யோ

நாப்பது வருஷம். நாப்பது வருஷமா நான் ஒரு பாம்பு கோயில் தேரைக் கவ்வி இழுக்குறதா நெனச்சுட்டு இருந்திருக்கேன். இத எம்பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், அவ இன்னும் சிரிச்சுக்கிட்டே இருக்கா.

மேடம் ரொம்ப ரொம்ப நன்றி. இது தான், இதே தான், "படங்கொண்ட பாந்தள்"னு படிச்சதும் அப்பா குரலே காதுல கேக்குது, அந்தப் "படங்கொண்ட"ல ஒரு இழுப்பு இழுப்பாரு. இப்ப தான் புரியுது, தண்டல்காரர் கேட்டைத் திறந்து உள்ள வர்றப்ப சரியா அந்த வரி தான் பாடுவாரு. பாம்பு யாரு தேரை யாருன்னு. அந்தத் தண்டல்காரருக்கு அது தெரியாம இருந்தது நல்லதாப் போச்சு.

ராமநாடகம்னா யாரோடது, அந்த விவரமும் கொஞ்சம் சொல்லுங்க. மிஸ்ஸுக்கு எழுதணும்ல.

காவிரிக்கரைப்_பொண்ணு:

அருணாசலக் கவிராயர். பொறந்தது தில்லையாடி, 1711. தில்லையாடி வள்ளியம்மைன்னு படிச்சிருப்பீங்களே அதே ஊரு தான். பின்னாடி சீர்காழில இருந்ததால சீர்காழி அருணாசலக் கவிராயர்னு தான் எல்லாரும் சொல்றது. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, இவரு, மூணு பேரையும் சேத்துத் தமிழிசை மூவர்ம்பாங்க, எங்க ஊர்ல மணிமண்டபமே இருக்கு. ராமநாடகக் கீர்த்தனைங்கறது ராமாயணத்தை அப்படியே பாட்டாப் போட்டது, பாடவும் ஆடவும் ஏத்த மாதிரி. நடுநடுவுல விருத்தம், அப்புறம் தருங்கற நாடகப் பாட்டு, அப்படி மாத்தி மாத்திப் போகும். கச்சேரில "யாரோ இவர் யாரோ" கேட்டிருப்பீங்க, மிதிலைல ராமன் சீதையப் பாத்ததும் வர்ற பாட்டு, அது இவரோடது தான். "ஏன் பள்ளி கொண்டீரய்யா" கூட இவரு தான், ஸ்ரீரங்கத்துல அரங்கேத்தப் போனப்ப ரங்கநாதரைப் பாத்து இப்படிப் படுத்துக் கிடக்கீங்களே, அவ்வளவு தூரம் காட்டுல நடந்த அலுப்பான்னு கேக்குற பாட்டு. எனக்கு ரொம்பப் பிடிச்சது.

நிறையப் பாட்டுக்கு மெட்டு போட்டது அவரோட சிஷ்யருங்க ரெண்டு பேரு, சட்டநாதபுரம் வேங்கடராமய்யரும் கோதண்டராமய்யரும். சட்டநாதபுரம் எங்க ஊர்ல இருந்து நடக்குற தூரம் தான். இதெல்லாம் மிஸ்ஸுக்கு வேண்டாம், எனக்குப் பெருமையா இருக்கு அதான் சொல்றேன்.

ஓய்வுபெற்ற_தமிழய்யா:

அம்மாடி, பிச்சு உதறிட்ட. நான் எதுகை வரைக்கும் தான் போனேன், நீ பாட்டையே கொண்டு வந்துட்ட. கம்பன்ல ஊறின பெரியவங்களும் இத ராமநாடகத்து விருத்தம்னு தான் சொல்லுவாங்க.

ஏன் எல்லாரும் கம்பன் தலைல கட்டினாங்கன்னு எனக்குத் தோணுறதையும் சொல்லிடுறேன், பட்டிமன்ற_ரசிகன் தம்பி இன்னும் சமாதானம் ஆகல போல இருக்கு. கவிராயர் கம்பனை வச்சுக்கிட்டு தான் ராமநாடகம் பண்ணினாரு, கதைப்போக்கு கம்பன் போன பாதைல தான் போகுது. விருத்தத்தோட நடையும் ஒண்ணு தான். "வாரணம் பொருத மார்பும் வரையினை எடுத்த தோளும்"னு ஒருதரம் சத்தமாச் சொல்லிட்டு அதே ராகத்துல "விடங்கொண்ட மீனைப் போலும் வெந்தழல் மெழுகு போலும்"னு சொல்லிப் பாருங்க. அடிக்கு ஆறு சீரு, அப்படியே போய் உக்காரும். ராமாயணம், ராவணன், யுத்தம், அதே நடை, கேக்குறவன் காதுக்கு கம்பன் தான்னு தோணும். ரெண்டு பேரும் ஸ்ரீரங்கத்துல தான் அரங்கேத்தினாங்கன்னு வேற பாரம்பரியமாச் சொல்லுவாங்க, தாயார் சன்னதி முன்னாடி கம்பர் மண்டபம் இன்னும் இருக்கு. 18ஆம் நூற்றாண்டு ஆளோட சரக்கு போய் 12ஆம் நூற்றாண்டுக் கணக்குல வரவு வச்சாச்சு. பேர் பெரிசா இருக்கறவன் கணக்குல தான் எல்லா வரவும் போய் விழும், கடன்காரன் கணக்குல விழாது 😄

அப்புறம் தம்பி, உங்களுக்கு ஏன் தேடிக் கிடைக்கலன்னா நூலு மாறினது ஒண்ணு, வார்த்தை மாறினது இன்னொண்ணு. பாட்டுல "கடன்கொண்டார்". நம்ம வாய்ல "கடன்பட்டார்". விடங்கொண்ட படங்கொண்ட திடங்கொண்டன்னு மூணு தடவை கொண்ட கொண்டன்னு வந்துட்டு நாலாவதுல மட்டும் பட்டார்னு வந்தா இடிக்குதில்ல? ஆனா கடைசி வரிய மட்டும் தனியாப் பிச்சு எடுத்துட்டா இடிக்கறது தெரியாது. பேச்சு வழக்குல கடன்பட்டவன்னு தானே சொல்றோம், கடன்கொண்டவன்னு எவன் சொல்றான். அதனால வாய் தன் இஷ்டத்துக்கு மாத்திக்கிச்சு.

நைட்ஷிப்ட்:

இதே மாதிரி எனக்கு ஒண்ணு நடந்துச்சு. "கற்றது கைம்மண் அளவு கல்லாதது உலகளவு" திருக்குறள்னு ஆபீஸ்ல பந்தயம் கட்டி ஒரு பிரியாணி தோத்தேன். குறள் ரெண்டடி ஏழு சீரு, இத எண்ணிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். தேடினா ஔவையார் தனிப்பாடல், ஒரு வெண்பாவோட முதல் வரி. சும்மா படிச்சுட்டுப் போனா கடைசி வரி "எறும்பும் தன் கையால் எண் சாண்". அடேய், அது எங்க ஆத்தா தனியாச் சொல்ற பழமொழியாச்சே! தலையும் வாலும் ஒரே பாட்டு, நடுவ விட்டுட்டு ரெண்டையும் தனித்தனிப் பழமொழியா ஆக்கி வச்சிருக்கோம். நடுவுல என்னன்னா, சரஸ்வதியே இன்னும் படிச்சுக்கிட்டு தான் இருக்கா, புலவருங்களே வெட்டிப் பந்தயம் கட்டாதீங்கன்னு வருது. பந்தயம் கட்டி தோத்தவனுக்கு அத படிக்கிறப்ப எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

காவிரிக்கரைப்_பொண்ணு:

ஹாஹா. "பசி வந்தால் பத்தும் பறந்து போகும்" அதே கேஸ் தான். எந்தப் பத்துன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நல்வழி 26வது பாட்டு, மானம் குலம் கல்வி வண்மை அறிவுடைமை தானம் தவம் உயர்ச்சி தாளாண்மைன்னு ஒம்பதைச் சொல்லிட்டு பத்தாவதா பொண்ணு மேல வர்ற ஆசையச் சொல்லுது. பத்தாவதை எங்க டீச்சர் வேகமாத் தாண்டிடுவாங்க.

பட்டிமன்ற_ரசிகன்:

சரி சரி ஒத்துக்கறேன். அய்யா சொன்ன மாதிரி ரெண்டு பாட்டையும் ஒரே ராகத்துல பாடிப் பாத்தேன், பக்கத்து ரூம்ல இருந்து தம்பி வந்து என்னாச்சுன்னு கேட்டான். ஆனா ஒரு விஷயம், உவமைன்னு பாத்தா கவிராயரோடதும் சும்மா இல்லீங்க. விஷம் தின்ன மீன் தண்ணிலயே தான் கிடக்கும், எங்கயும் போக முடியாது. மெழுகு தானாக் கரையும். தேரை செத்துடல, வாய்ல இருக்கு அவ்ளோ தான். மூணுமே இன்னும் முடியல, ஆனா முடியப் போகுதுன்னு தெரிஞ்ச நிலை. அதுக்கப்புறம் கடன்காரன் வர்றான். மூணையும் விட்டுட்டு நாலாவதை மட்டும் பிடிச்சுக்கிட்டோம் பாருங்க. அய்யா சொன்ன வெக்கம் பயம் வித்தியாசம் சரி தான், ஆனா பயத்தை இவரு நல்லாவே பிடிச்சிருக்காரு, கம்பன் இல்லங்கறதுக்காக இவரைத் தள்ளி வைக்கணும்னு இல்லல.

ஓய்வுபெற்ற_தமிழய்யா:

தம்பி, நீங்க சொன்னது பட்டிமன்றத்துல பேச வேண்டிய பாயிண்ட்டு. நான் தள்ளி வைக்கல. கிளாஸ்ல இருந்திருந்தா உங்களை எழுப்பி நிறுத்தி இன்னொருதரம் சொல்லச் சொல்லியிருப்பேன்.

சும்மா_ஒரு_டவுட்டு:

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. குடுத்தவன் நெஞ்சத்துக்கு ஏதாவது விருத்தம் இருக்கா. ட எதுகைல இருந்தா நல்லது, ஸ்டேட்டஸ்ல வைக்கணும்.

நைட்ஷிப்ட்:

"கொடுத்தவன் நெஞ்சம் போலும்"னு நீங்களே ஆரம்பிங்க, ரெண்டாவது எழுத்து டு, எதுகை சரியா இருக்கு. அடுத்தது "எடுத்தவன் ஊட்டி போனான்".

சாயப்பட்டறை:

அப்டேட் சொல்லிடுறேன். அய்யா சொன்னாரேன்னு ஊருக்கு போன் போட்டு அம்மாகிட்டக் கேட்டேன். "உங்கப்பன் எந்தப் புஸ்தகத்தப் படிச்சான், கல்யாணத்துக்கு முன்னாடி ராத்திரி ராத்திரி நாடகம் பாக்கப் போயிட்டு விடியக்காலைல வருவானாம், அங்க புடிச்சுட்டு வந்தது"ன்னு சொல்லுச்சு. நான் முதல் வரி "விடங்கொண்ட மீனைப் போலும்"னு எடுத்துக் குடுத்தேன், அம்மா அடுத்த ரெண்டு வரிய நிறுத்தாம சொல்லுச்சு, அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. கடைசி வரிய நான் தான் சொன்னேன். நான் "பட்டார்"னு சொன்னதும் "கொண்டார்டா"ன்னு திருத்துச்சு. இத்தனை நாளா வீட்டுலயே இருந்திருக்கு பாருங்க, நான் நெட்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் தேடுறேன்.

பாட்டு நாலு வரியும் எழுதி, கீழ ராமநாடகக் கீர்த்தனை, அருணாசலக் கவிராயர்னு போட்டு பொண்ணுகிட்டக் குடுத்து விட்டேன். மிஸ் ஒரு டிக் போட்டு "நன்று"ன்னு மட்டும் எழுதியிருக்காங்க. எனக்கே பரீட்சை பாஸ் பண்ணின மாதிரி இருக்கு. சிக்கனத்தைப் பத்தி எழுதின மத்த ரெண்டு பக்கத்தையும் ஒண்ணும் சொல்லல, அது நல்லா இல்ல போல.

இப்ப என்ன பிரச்சனைன்னா பொண்ணு ஒத்திகை பாக்குறப்ப மூணு வரி சரியாச் சொல்றா, நாலாவதுல வாய் தானா "கடன் பட்டார்"னு தான் போகுது. விடங்கொண்ட படங்கொண்ட திடங்கொண்டன்னு வேகமாச் சொல்லிக்கிட்டே போ, நிக்காமப் போனா கொண்டார் தானா வரும்னு சொல்லியிருக்கேன். நேத்து பத்து தடவைல ஏழு தடவை வந்துச்சு.

காவிரிக்கரைப்_பொண்ணு:

சூப்பர் அண்ணா, பாப்பாவுக்கு வாழ்த்து சொல்லுங்க. "படங்கொண்ட"ல அப்பா இழுத்த மாதிரி ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்க, மூச்சு சரியாக் கிடைக்கும்.

பட்டிமன்ற_ரசிகன்:

வெள்ளிக்கிழமை ஜட்ஜா வர்றவரு எழுந்து "பாப்பா, இது கம்பராமாயணம்மா"ன்னு திருத்தாம இருக்கணும். நான் ஜட்ஜா வந்திருந்தா திருத்தியிருப்பேன்.